சமன்பாட்டுக்குத் திசை உண்டா?

கேள்வி: அரசு மேல்நிலைப் பள்ளியில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு இயற்பியல் எடுக்கிறேன். நியூட்டனின் இரண்டாம் விதியை நடத்தும்போது ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், விசை இருக்கறதால முடுக்கம் வருதா, முடுக்கம் இருக்கறதால விசை வருதா? ரெண்டும் சமம்னுதானே எழுதியிருக்கு?" என்று கேட்டாள். விசைதான் காரணம் என்றேன். அடுத்த வாரம் லிஃப்ட் கணக்கு வந்தது. "லிஃப்ட் மேல்நோக்கி முடுக்கமடைவதால் தரை தரும் செங்குத்து விசை கூடுகிறது" என்று நானே கரும்பலகையில் எழுதினேன். மறுபடியும் கை தூக்கினாள். "இயற்பியல் 'எப்படி' என்றுதான் சொல்லும், 'ஏன்' என்று சொல்லாது" என்று சொல்லி உட்கார வைத்துவிட்டேன். கல்லூரியில் எனக்கு அப்படித்தான் சொல்லித்தந்தார்கள். ஆனால் வினாத்தாளில் "காரணம் கூறுக" என்றும் "கூற்று - காரணம்" என்றும் நாமே கேட்கிறோம். இயற்பியலில் காரணத்துக்கு உண்மையில் இடம் இருக்கிறதா? வகுப்பில் அதை எவ்வளவு தூரம் கொண்டுபோகலாம்?

— முதுகலை ஆசிரியை, தென்காசி மாவட்டம்

பதில்: உங்கள் மாணவி இரண்டு முறையும் சரியான இடத்தில்தான் கை தூக்கியிருக்கிறாள். நீங்கள் சொன்ன இரண்டு வாக்கியங்களும் சரி. அவை ஒன்றோடொன்று மோதுவதாகத் தெரிவது ஏனென்றால், இடையில் நடப்பதைக் கணக்கு காட்டுவதில்லை. லிஃப்டையே எடுத்துக்கொள்வோம்.

60 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் நிற்கும் லிஃப்டில் இருக்கிறார். தரை அவரை 588 நியூட்டன் விசையோடு மேலே தாங்குகிறது. மோட்டார் கம்பிவடத்தை இழுக்கிறது; முதலில் அசைவது கூண்டு. அந்தக் கணத்தில் அவர் உடல் இன்னும் நகரத் தொடங்கவில்லை. தரை மேலே வருகிறது, அவர் இருந்த இடத்திலேயே இருக்கிறார். ஆகவே செருப்பும் பாதத்தின் தசையும் தரைப்பலகையும் முன்பைவிடச் சற்று அதிகமாக நசுங்குகின்றன. அதிகம் நசுங்கிய பொருள் அதிகமாகத் தள்ளும். 588 மெல்ல ஏறி 648 நியூட்டனை எட்டுகிறது. கூடுதலான அந்த 60 நியூட்டன்தான் அவருக்கு வினாடிக்கு வினாடி 1 மீட்டர் என்ற முடுக்கத்தைத் தருகிறது. கூண்டின் முடுக்கமும் அவருடைய முடுக்கமும் ஒன்றாகும்வரை நசுக்கம் கூடும்; ஒன்றானதும் கூடுவது நின்றுவிடும். இவ்வளவும் ஒரு வினாடியின் சிறு பகுதிக்குள் முடிந்துவிடுகிறது. பாடப்புத்தகக் கணக்கு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

கூண்டின் முடுக்கம் அந்த மனிதர் மீதான விசைக்குக் காரணம். அந்த விசை அவருடைய முடுக்கத்துக்குக் காரணம். இரண்டு வாக்கியங்களிலும் வரும் "முடுக்கம்" வேறு வேறு பொருள்களுடையது. கணக்கில் இரண்டுக்கும் ஒரே எழுத்தைப் போட்டுவிடுகிறோம். முடுக்கம் கொடுக்கப்பட்டிருப்பதால் அதிலிருந்து விசையைக் கண்டுபிடிக்கிறோம். அது கணக்குப் போடும் வரிசை. மோட்டார், கம்பிவடம், கூண்டு, நசுக்கம், விசை, மனிதர் என்பது நிகழும் வரிசை. வகுப்பில் இந்த இரண்டு வரிசைகளையும் பிரித்துக் காட்டுவதைவிடப் பயனுள்ள பழக்கம் வேறு இல்லை என்று நினைக்கிறேன்.

சமன்பாட்டில் திசை இல்லை என்று அவள் கவனித்தது உண்மை. அப்படியானால் திசை எங்கிருந்து வருகிறது? 10 மீட்டர் உயரக் கொடிக்கம்பத்தின் மீது சூரிய ஒளி 45 டிகிரி கோணத்தில் விழுந்தால் நிழலும் 10 மீட்டர். கம்பத்தின் உயரத்திலிருந்து நிழலைக் கணக்கிடலாம், நிழலிலிருந்து கம்பத்தின் உயரத்தையும் கணக்கிடலாம். கணிதத்துக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் "கம்பம் ஏன் இவ்வளவு உயரம்?" என்று கேட்டால் நிழலைக் கைகாட்ட மாட்டோம். 1948-இல் கார்ல் ஹெம்பல், பால் ஓப்பன்ஹைம் இருவரும் விதிகளிலிருந்து தருக்கப்படி வருவிப்பதுதான் அறிவியல் விளக்கம் என்று ஒரு கட்டுரையில் வாதிட்டார்கள். பின்னால் சில்வெய்ன் புரோம்பெர்கர் போன்றவர்கள் இந்தக் கம்பத்தையும் நிழலையும் காட்டித்தான் அந்தக் கொள்கை போதாது என்று நிறுவினார்கள். வருவிப்பு இரு பக்கமும் ஓடும், விளக்கம் ஒரு பக்கம்தான் ஓடும்.

எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க, கையை வைத்துப் பார்க்க வேண்டும். கம்பத்தை வெட்டிச் சிறிதாக்கினால் நிழல் குறுகும். கம்பத்தைத் தொடாமல் நிழலை மட்டும் மாற்றினால், உதாரணமாக நிழல் விழும் தரையைச் சரிவாக்கினால், கம்பத்துக்கு ஒன்றும் ஆகாது. ஒன்றை மட்டும் மாற்றிப் பார், மற்றது மாறுகிறதா என்று கவனி. கணினி அறிஞர் ஜூடியா பேர்ல் 2000-த்திலும், தத்துவ அறிஞர் ஜேம்ஸ் வுட்வார்ட் 2003-இலும் வெளியிட்ட நூல்களில் காரணம் என்ற கருத்துக்கு இந்த அடிப்படையில்தான் துல்லியமான வடிவம் தந்தார்கள். ஆய்வகத்தில் நாம் எப்போதும் செய்வதும் இதைத்தான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ஓமின் விதி. மின்கலத்தோடு ஒரு மின்தடையை இணைத்து, தடையை இருமடங்காக்குங்கள். மின்னோட்டம் ஏறக்குறைய பாதியாகும், மின்னழுத்த வேறுபாடு பெரிதாக மாறாது. அடுத்து, மாறா மின்னோட்டம் தரும் கருவி ஒன்றோடு அதே தடையை இணையுங்கள். எல்.இ.டி விளக்குகளுக்குள் இருக்கும் டிரைவர் அப்படிப்பட்டதுதான். இங்கே தடையை இருமடங்காக்கினால் மின்னோட்டம் அப்படியே நிற்கும், மின்னழுத்த வேறுபாடு இருமடங்காகும். விதி ஒன்றுதான், காரணத்தின் அம்புக்குறி திரும்பிவிட்டது. அம்புக்குறியைத் தீர்மானிப்பது விதியைச் சுற்றி நாம் அமைத்திருக்கும் அமைப்பு. இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள்: மின்னழுத்த வேறுபாட்டை இருமடங்காக்கினால் கம்பியின் தடை என்ன ஆகும்? R = V/I என்று மனப்பாடம் செய்த மாணவர்களில் பலர் "இருமடங்கு" என்பார்கள். சமன்பாட்டைக் காரண வாக்கியமாகப் படித்ததன் விளைவு அது. வெப்பநிலை மாறாதவரை தடை கம்பியின் பொருளையும் நீளத்தையும் தடிமனையும் பொறுத்தது. மின்னழுத்தம் அதைத் தொடுவதில்லை.

இனி அந்த "எப்படி, ஏன்" வாக்கியம். உங்கள் பேராசிரியர்கள் அதைச் சும்மா சொல்லவில்லை. 1713-இல் 'பிரின்சிப்பியா'வின் இரண்டாம் பதிப்பில் நியூட்டன் சேர்த்த பின்னுரையில், ஈர்ப்பின் காரணத்தைத் தன்னால் கண்டறிய முடியவில்லை, சான்றில்லாமல் கற்பனையாக ஒன்றைச் சொல்லப்போவதும் இல்லை என்று எழுதினார். 1912-இல் பெர்ட்ரண்ட் ரஸல் இன்னும் கடுமையாகப் பேசினார். வளர்ந்த அறிவியல்களில் காரணம் என்ற கருத்தே கிடையாது. ஒன்றையொன்று ஈர்க்கும் பொருள்களின் இயக்கத்தில் எதையும் காரணம் என்றோ விளைவு என்றோ குறிப்பிட முடியாது. இருப்பவை சமன்பாடுகள்தான் என்பது அவர் வாதம். இதே ரஸல் 1948-இல் வெளியிட்ட மனித அறிவு பற்றிய நூலில், காரணத் தொடர்கள் இல்லாமல் அறிவியல் அறிவை விளக்க முடியாது என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார். முதல் ரஸல்தான் வகுப்பறைகளில் நிலைத்துவிட்டார்.

நியூட்டனையும் முழுதாகப் படிக்க வேண்டும். ஈர்ப்புக்கு என்ன காரணம் என்ற ஒரு கேள்வியைத்தான் அவர் திறந்து வைத்தார். கடல் ஓதங்கள் ஏன் எழுகின்றன, நிலவின் பாதை ஏன் அலைக்கழிகிறது என்பவற்றுக்கெல்லாம் ஈர்ப்பையே காரணமாகக் காட்டினார். ஒரு மட்டத்தில் விடை தந்துவிட்டு, அதற்கு அடுத்த மட்டம் தெரியவில்லை என்று நேர்மையாகச் சொன்னார். அந்த அடுத்த மட்டத்துக்கு 1915-இல் ஐன்ஸ்டைன் வந்தார். ஈர்ப்பின் மாற்றமும் ஒளியின் வேகத்தில்தான் பரவும் என்பது அவர் கொள்கையின் முடிவு. 2017 ஆகஸ்ட் 17 அன்று, சுமார் 13 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் இணைந்ததிலிருந்து கிளம்பிய ஈர்ப்பலைகளும் காமாக் கதிர்களும் 1.7 வினாடி இடைவெளியில் பூமிக்கு வந்து சேர்ந்தன. சூரியன் இந்த நொடி மறைந்தாலும் எட்டு நிமிடங்களுக்குப் பூமி பழைய பாதையிலேயே செல்லும் என்பதைச் சமன்பாட்டின் சமக்குறியைப் பார்த்து அறிய முடியாது. எது முந்தியது, எது எதைச் சென்று சேர்ந்தது என்ற காரண மொழி இல்லாமல் அதைச் சொல்லக்கூட முடியாது.

ரிச்சர்ட் ஃபைன்மன் 1983-இல் ஒளிபரப்பான பிபிசி நேர்காணலில், இரண்டு காந்தங்கள் ஏன் ஒன்றையொன்று தள்ளுகின்றன என்று கேட்கப்பட்டபோது நீண்ட விளக்கம் ஒன்று கொடுத்தார். "ஏன்" என்ற கேள்விக்கு விடை தர வேண்டுமானால், கேட்பவர் எதை ஏற்கெனவே ஏற்றுக்கொண்டிருக்கிறார் என்பது தெரிய வேண்டும் என்பது அதன் சாரம். உங்கள் மாணவிக்கும் அதைச் சொல்லலாம். "ஏன்" என்று கேட்கக் கூடாது என்பதைவிட, "எந்த மட்டத்தில் கேட்கிறாய்?" என்பது உண்மைக்கு நெருக்கமான பதில்.

இதில் நான் இவ்வளவு அழுத்தம் கொடுப்பது எதற்காக என்றால், நாம் காரணம் சொல்லாவிட்டாலும் பிள்ளைகள் காரணம் தேடுவதை நிறுத்துவதில்லை. நாம் விட்ட இடத்தை அவர்களே நிரப்பிக்கொள்வார்கள். மின்சுற்றில் இது மிகத் தெளிவாகத் தெரியும். ஒரே மாதிரியான இரண்டு பல்புகளைத் தொடரிணைப்பில் வரைந்து எது அதிகம் ஒளிரும் என்று கேளுங்கள். முதல் பல்புதான், மின்னோட்டத்தில் கொஞ்சத்தை அது "எடுத்துக்கொள்ளும்" என்று பலர் சொல்வார்கள். அடுத்து, பல்புக்குப் பின்னால் இருக்கும் மாறுதடையைக் கூட்டினால் பல்பு மங்குமா என்று கேளுங்கள். மின்னோட்டம் பல்பைத் தாண்டிய பிறகுதான் தடையைச் சந்திக்கிறது, ஆகவே மங்காது என்பார்கள். 1980-களில் பிரிட்டனில் டேவிட் ஷிப்ஸ்டோன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் மாணவர்களிடம் இதே சிந்தனை பரவலாக இருப்பதைப் பதிவு செய்தார்கள். இதை அறியாமை என்று ஒதுக்கக் கூடாது. முன்னால் நடப்பது பின்னால் வருவதைப் பாதிக்கும், பின்னால் இருப்பது முன்னால் நடந்ததைப் பாதிக்காது என்ற ஒழுங்கான காரணச் சிந்தனை அதில் இருக்கிறது. "தொடரிணைப்பில் மின்னோட்டம் எங்கும் சமம்" என்ற வரியை எழுதிப் போடுவதால் அந்தச் சிந்தனை கலையாது. வரி விடைத்தாளுக்குப் போகும், கதை மனதிலேயே இருக்கும். தவறான காரணக் கதையை அகற்ற, அதைவிட நல்ல காரணக் கதை வேண்டும்.

அந்தக் கதை இருக்கிறது. முதலில் ஓர் எண். 1 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள செம்புக் கம்பியில் 1 ஆம்பியர் ஓடும்போது எலக்ட்ரான்களின் இழுப்புத் திசைவேகம் வினாடிக்குச் சுமார் 0.07 மில்லிமீட்டர். 10 மீட்டர் கம்பியைக் கடக்க ஒன்றரை நாளுக்கு மேலாகும். வீட்டு மின்சாரத்தில் நிலைமை இன்னும் விசித்திரம். 50 ஹெர்ட்ஸ் மாறுதிசை மின்னோட்டத்தில் அவற்றின் இழுப்பு நகர்ச்சை ஒரு மைக்ரோமீட்டர்கூட இல்லை. ஆனாலும் சுவிட்சைப் போட்டதும் விளக்கு எரிகிறது. மின்கலத்திலிருந்து கிளம்பிய எலக்ட்ரான் விளக்கை அடைந்து எரிய வைக்கிறது என்ற கதை இந்த ஒரே எண்ணில் விழுந்துவிடும்.

உண்மையில் நடப்பது என்ன? மின்கலத்துக்குள் நடக்கும் வேதிவினை ஒரு முனையில் நேர் மின்னூட்டத்தையும் மறுமுனையில் எதிர் மின்னூட்டத்தையும் விடாமல் பிரித்து வைக்கிறது. அதனால் கம்பிகளின் மேற்பரப்பிலும் மிகச் சிறிய அளவு மின்னூட்டங்கள் பரவி நிற்கின்றன. சாவியை மூடியதும் இந்தப் பரப்பு மின்னூட்டங்கள் இடம்மாறுகின்றன. அந்த மாற்றத்தின் செய்தி எலக்ட்ரான்களின் வேகத்தில் போவதில்லை. ஒளியின் வேகத்தோடு ஒப்பிடத்தக்க வேகத்தில் சுற்று முழுவதும் பரவுகிறது. மெல்லிய பல்பு இழையின் வாயிலில் எலக்ட்ரான்கள் வந்து தேங்குகின்றன. தேங்கிய மின்னூட்டம் இழைக்குள் மின்புலத்தைக் கூட்டுகிறது, அதற்கு முன்னாலுள்ள தடித்த கம்பிக்குள் மின்புலத்தைக் குறைக்கிறது. ஓர் இடத்தில் வருவது போவதைவிட அதிகமாக இருக்கும்வரை அங்கே மின்னூட்டம் சேரும், சேரச் சேர மின்புலம் மாறும், மாறியதும் வரத்து குறையும். மேசை மேலிருக்கும் சுற்றில் இந்த முன்னும் பின்னுமான சரிப்படுத்தல் ஒரு மைக்ரோ வினாடிக்குள் அடங்கிவிடுகிறது. எல்லா இடத்திலும் வரத்தும் போக்கும் சமமான பிறகு நமக்குத் தெரிவதுதான் "எங்கும் சமமான மின்னோட்டம்".

பல்புக்குப் பின்னால் இருக்கும் தடை பல்பை எப்படி மங்க வைக்கிறது என்பதற்கும் இங்கேயே விடை இருக்கிறது. தடையைக் கூட்டியதும் அங்கே மின்னூட்டம் தேங்கி, அதன் மின்புலம் சுற்றின் இரு பக்கமும் பரவுகிறது. முதல் பல்பு, கடைசிப் பல்பு என்ற பேச்சே அங்கே எழுவதில்லை.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. ஓம் தன் விதியை விளக்கி நூல் வெளியிட்டது 1827-இல். அதை நிலைமின்னியலோடு சரியாக இணைத்து, மின்னூட்டங்கள் கம்பியின் மேற்பரப்பில் இருப்பதைக் காட்டியவர் கிர்க்காஃப், 1849-இல். நாம் அவருடைய இரண்டு விதிகளை மட்டும் எடுத்துக்கொண்டோம். அந்த விதிகள் ஏன் செல்லுபடியாகின்றன என்று சொல்லும் பகுதியை விட்டுவிட்டோம். அமெரிக்காவில் ரூத் சாபே, புரூஸ் ஷெர்வுட் எழுதிய 'மேட்டர் அண்ட் இன்டராக்‌ஷன்ஸ்' என்ற கல்லூரிப் பாடநூல் இதை விரிவாகச் சொல்லித்தருகிறது. மேல்நிலை வகுப்பில் இரண்டு பீரியட் ஒதுக்கினால் நம் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்ல முடியும். கணிதம் ஏதும் வேண்டாம், கூலூம் விதி போதும். எவ்வளவோ சூத்திரங்களுக்கு நேரம் ஒதுக்கும் நாம் இதற்கு ஒதுக்காதது எனக்கு வருத்தம்தான்.

எல்லா இடத்திலும் காரணம் தேடலாமா என்றால், கூடாது. அதையும் வகுப்பில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சீரான வேகத்தில் நேர்கோட்டில் செல்லும் பொருளை எது நகர்த்திக்கொண்டிருக்கிறது என்று கேட்டுக் கேட்டே பல நூற்றாண்டுகள் போயின. அந்தக் கேள்விக்கு விடையே தேவையில்லை என்று சொல்வதுதான் முதல் விதி. மூன்றாம் விதியில் முதலில் நான் தள்ளினேன், பிறகு சுவர் பதிலுக்குத் தள்ளியது என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். அங்கே முன்பின் இல்லை, ஒரே இடைவினைக்கு இரு முனைகள். 1992-இல் ஹெஸ்டெனஸ், வெல்ஸ், ஸ்வாக்ஹேமர் மூவரும் வெளியிட்ட விசைக் கருத்துத் தேர்வில் லாரியும் காரும் மோதும் வினா ஒன்று உண்டு. லாரிதான் அதிக விசை தரும் என்று இன்றும் பல நாட்டு மாணவர்கள் விடையளிக்கிறார்கள். லாரியைச் செய்பவனாகவும் காரைப் படுபவனாகவும் மனம் பிரித்துவிடுகிறது. விசை இரண்டுக்கும் சமம், நிறை வேறாக இருப்பதால் முடுக்கம் வேறு.

கதிரியக்கம் இன்னும் கடினமான இடம். ரேடியம்-226-இன் அரை ஆயுட்காலம் சுமார் 1600 ஆண்டுகள். ஒன்றுபோல இருக்கும் இரண்டு அணுக்கருக்களில் ஒன்று இன்று சிதைகிறது, மற்றது ஐயாயிரம் ஆண்டு காத்திருக்கிறது. அரை ஆயுட்காலம் ஏன் அந்த அளவில் இருக்கிறது என்பதற்கு 1928-இல் ஜார்ஜ் காமோவ் குவாண்டம் இயக்கவியல் கொண்டு விளக்கம் தந்தார். இந்த அணுக்கரு ஏன் இந்த நொடியில் என்பதற்குக் குவாண்டம் இயக்கவியலில் காரணம் கிடையாது, நிகழ்தகவு மட்டுமே உண்டு. காரணம் என்ற கருவியை நன்றாகப் பயன்படுத்தத் தெரிந்த மாணவிக்குத்தான் இது எவ்வளவு பெரிய செய்தி என்று உறைக்கும்.

கடைசியாக, நீங்கள் குறிப்பிட்ட கூற்று - காரணம் வினாக்கள். அவற்றை நான் மிகவும் மதிக்கிறேன், நன்றாக அமைத்தால். "கூற்று: தனி ஊசலின் அலைவு நேரம் பூமியைவிட நிலவில் அதிகம். காரணம்: நிலவில் வளிமண்டலம் இல்லை." இரண்டு வாக்கியங்களும் உண்மை. அலைவு நேரம் அங்கே சுமார் இரண்டரை மடங்கு. ஆனால் இரண்டாவது வாக்கியம் முதலாவதை விளக்கவில்லை. சரியான விடையைக் குறித்ததோடு நின்றுவிடாமல், "எப்படிச் சோதிப்பாய்?" என்று ஒரு வரி கேளுங்கள். பூமியிலேயே ஊசலைக் கண்ணாடி மணிக்குள் வைத்துக் காற்றை வெளியேற்றினால் அலைவு நேரம் நம் நிறுத்துக்கடிகாரத்துக்குத் தெரியும் அளவு மாறாது. ஆகவே காற்று காரணமல்ல, ஈர்ப்பு முடுக்கம் ஆறில் ஒரு பங்காகக் குறைந்ததே காரணம் என்று ஒரு பிள்ளை எழுதினால், அவளுக்குக் காரணம் என்றால் என்னவென்று புரிந்துவிட்டது. உங்கள் மாணவியிடம் லிஃப்ட் கணக்கைத் திரும்பக் கொடுத்து, மோட்டார் ஓடத் தொடங்கிய கணத்திலிருந்து நடப்பவற்றை வரிசையாக எழுதச் சொல்லுங்கள். எழுதி முடித்ததும், கம்பிவடம் அறுந்தால் அந்த வரிசையில் எவையெல்லாம் மாறும் என்று கேளுங்கள்.